ஆடாமல் நின்றவர்

லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலை கதிரையில் உட்கார்ந்திருப்பது. பெரிய அருங்காட்சியகம் ஒன்றில் பழைய கிரேக்கப் பானைகள் வைத்திருந்த அறைக்கு நான் காவல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தினால் எழும்பிப் போய் 'ப்ளீஸ்' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன்னர் பெற்றோல் ஸ்டேஷனிலும் கோழி பொரிக்கும் கடையிலும் நின்று நின்று கால் வீங்கிப்போயிருந்த எனக்கு, உட்காருவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை நம்பவே சில வாரங்கள் எடுத்தன. வால்தம்ஸ்டோவில் அக்காவின் வீட்டு மாடியில் ஒரு சின்ன அறையில் இருந்தேன். அக்காவின் புருஷன், என் அத்தான், "எங்கட தம்பி மியூசியத்தில வேலை" என்று காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். என்ன வேலை என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அந்த அறை முழுக்க ஆட்டம். கறுப்புப் பானைகளில் செம்மண் நிறப் பெண்கள் கூந்தலை அவிழ்த்து, தலையை முதுகுப்பக்கம் சரித்து, மான்தோல் போர்த்து, கொடி சுற்றிய கோலைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். அந்தப் பெண்களுக்கு மேனாடுகள் என்று பெயர் எழுதியிருந்தது. அவர்களுக்குப் பின்னால் குதிரை வாலும் குதிரைக் காதும் வைத்த ஆண்கள் துள்ளிக்கொண்டு வருவார்கள். அவர்கள் சாட்டிர்கள். பெரிய தெய்வங்களும் இல்லை, மனிதர்களும் இல்லை; காட்டில் திரிகிற குட்டித் தேவதைகள், குறும்புக்காரர்கள். நடுவில் அவர்களுடைய கடவுள், திராட்சை மதுவின் கடவுள், தாடியும் நீள உடுப்புமாகக் கையில் கிண்ணத்துடன் நிற்பார். எனக்கு முதல் நாளிலிருந்தே விளங்காமல் கிடந்த விஷயம் ஒன்று உண்டு. இத்தனை பேரையும் ஆடவைத்தவர் அவர்தான். ஆனால் நான் காவல் காத்த பானைகளில் அவர் மட்டும் ஆடவேயில்லை. சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரத்தில் சில நாட்கள் வழிகாட்டி அம்மா ஒருவர் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வருவார். இந்தப் பெண்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும், நெசவையும் அடுப்பையும் அப்படியே போட்டுவிட்டு மலைக்கு ஓடிவிடுவார்கள் என்று சொல்லுவார். கூட்டம் சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பைத்தியமா? எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் கலை வருவது, சாமி மேலே வருவது. உடுக்கும் மேளமும் கேட்டு, வயிற்றுக்குள் ஏதோ திரும்பி, கால் தன்பாட்டில் எழும்புகிறதே, அது பைத்தியமா? பதினாறு பதினேழு வயதில் ஊர்க் கோயிலில் காவடி எடுத்தபோது எனக்கும் வந்தது. ஒரு நாள் தவிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் பேசுங்கள் அம்மா என்று வாய்வரை வரும். சீருடை போட்டவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது வேலை விதி.

ஆனால் அவர் சொன்ன கதை ஒன்று என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. ஒரு தாய் ஆட்டத்தின் உச்சத்தில், எதிரே வந்த தன் மகனைச் சிங்கம் என்று நினைத்து மற்றப் பெண்களோடு சேர்ந்து பிய்த்துப் போட்டாளாம். தலையைக் கையில் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்து, நான் பிடித்த சிங்கத்தைப் பாருங்கள் என்று பெருமையாகக் காட்டினாளாம். பார்த்த எல்லோருக்கும் அது யாருடைய தலை என்று தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. அந்த இடம் வரும்போதெல்லாம் நான் கதிரையில் நெளிவேன்.

அறையின் மூலையில் ஒரு சுடுமண் பலகை இருந்தது. தலைக்கவசம் போட்ட இளைஞர்கள் வாளால் கேடயத்தில் அடித்தபடி ஆடுகிறார்கள். அவர்களின் காலடியில் ஒரு குழந்தை. அந்தக் குழந்தைதான் பின்னாளில் கடவுள்களுக்கு அரசனான சியூஸ். அவனுடைய தகப்பன் பிறக்கிற பிள்ளைகளையெல்லாம் விழுங்குகிறவன். தாய் இந்தக் கடைசிப் பிள்ளையை ஒளித்துவைத்தாள். அழுகைச் சத்தம் தகப்பன் காதில் விழாமல் இருக்க, கூரேட்டுகள் என்ற இந்தக் குட்டித் தேவதைகள் சுற்றிநின்று கேடயத்தை அடித்து ஆடினார்களாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைக்கு ஒதுங்குகிற சாட்டில் அத்தான் வந்தார். நான் அவரைச் சுற்றிக் காட்டினேன். சாட்டிர்களைப் பார்த்து, "உவங்கள் எங்கட கோயில் கொமிற்றிக்காரர் மாதிரியெல்லே கிடக்கு, வால் மட்டும்தான் வெளியில தெரியுது" என்றார். அவரே அந்தக் கொமிற்றியின் செயலாளர். சுடுமண் பலகைக்கு முன்னால்தான் கனநேரம் நின்றார். நான் கதையைச் சொன்னேன்.

"உது எங்களிட்டயும் இருக்குத்தானே," என்றார். "தாலி கட்டேக்க ஏன் கெட்டிமேளம் அடிக்கிறவை? கூடாத சொல்லொண்டும் காதில விழக்கூடாது எண்டுதான். சத்தத்தால காப்பாத்துறது. நல்ல வேலையடாப்பா உவங்கள் பாத்தது."

எனக்குப் பெருமையாக இருந்தது. என் வேலையிடத்தில் நான் காட்டிய ஒன்றை அத்தான் மெச்சிவிட்டார் என்று அன்று முழுக்க உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஊரில் சண்டை, பாதை பூட்டியிருந்தது. வீடுகளுக்குப் போன் கிடையாது. அம்மாவைப் பற்றிய செய்தி ஊரிலிருந்து யாராவது ஒருவர் கடல்நீரேரி கடந்து வவுனியாவுக்கு வந்து, கொழும்பிலிருந்த மாமாவிடம் சொல்லி, மாமா எங்களுக்குக் கோல் எடுத்தால்தான் உண்டு. அம்மாவுக்குச் சலரோகம், இரத்தத்தில் சீனி. காலில் வந்த புண் ஆறவில்லை, மருந்து கிடைப்பதில்லை என்று மாமா சொன்னார். போய்ப் பார்க்க வழியில்லை. என் விசா அலுவல் குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் கிடந்தது. நாட்டைவிட்டு வெளிக்கிட்டால் திரும்பி வர ஏலாது. கதிரையில் உட்கார்ந்து அம்மாவின் காலை நினைத்துக்கொண்டேயிருந்தேன். கடைசியில் நேர்த்தி வைத்தேன். அம்மாவின் கால் சுகப்பட வேண்டும், முருகா, அதற்காக என் காலால் உனக்கு ஆடுகிறேன்.

அத்தானின் கோயில் அந்த வருடம்தான் முதல் தடவையாகப் பொலீஸிடம் அனுமதி எடுத்து, சுவாமியைத் தேரில் வைத்துத் தெருவில் இழுப்பதாக இருந்தது. தேருக்கு முன்னால் காவடி வேண்டும் என்று கொமிற்றிக்கு ஆசை. பால்காவடிக்குச் சிலர் பெயர் கொடுத்திருந்தார்கள். முதுகுத் தோலில் செடில் கொக்கிகளைக் குத்தி, கயிற்றைப் பின்னால் ஒருவர் பிடிக்க, காவடியைத் தோளில் வைத்து முன்னுக்கு இழுத்து ஆடுகிற ஆட்டத்துக்கு என்னைத் தவிர ஆளில்லை. கயிறு பிடிக்கிறவர் நம்பிக்கையான ஆளாக இருக்க வேண்டும். ஆடுகிறவன் தன்னை மறந்துவிடுவான். அவனுடைய முதுகும் மூச்சும் மற்றவரின் கையில். எனக்கு வேறு யாரை யோசிக்கத் தோன்றும்? அத்தானைக் கேட்டேன். "என்ர தம்பிக்கு நான் பிடிக்காமல்?" என்று உடனே சொன்னார்.

விரதம் இருந்தேன். காவடியன்று வெள்ளாப்பிலேயே நான் முதல் ரயிலில் கோயிலுக்குப் போய்விட்டேன். அக்காவும் அத்தானும் பின்னால் காரில் வருவதாக ஏற்பாடு. அத்தான் பிந்தித்தான் வந்தார், தனியாக. கண் சிவந்திருந்தது. கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றார். அக்காவுக்குத் தலையிடி, வரேலாது என்றார். நான் ஆடுவதைப் பார்க்க அக்கா இல்லையே என்று ஒரு நிமிஷம் மனம் சுணங்கியது. அதற்குள் ஐயர் கூப்பிட்டார். அத்தான் என் முதுகைத் தொட்டுத் திருநீறு பூசினார். கொக்கிகள் குத்தி முடியும்வரை வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். ஊசியைக் கண்டால் பயப்படுகிற மனிதர், அதனால்தான் என்று நினைத்தேன்.

தேர் வெளியே வந்தது. வெயில் எறித்தது. பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து வெள்ளைக்காரர் எட்டிப் பார்த்தார்கள். தவிலும் நாதஸ்வரமும் சேமக்கலமும் ஒன்றாக எழும்பியபோது என் வயிற்றுக்குள் அது திரும்பியது. பிறகு நான் ஆடவில்லை, என்னை வைத்து ஆட்டம் நடந்தது. தார் ரோட்டின் சூடு காலுக்குத் தெரியவில்லை. லண்டனுக்கு வந்தபின் முதல் தடவையாக என் உடம்பு எனக்குச் சொந்தமானதாக இருந்தது. ஒரு கட்டத்தில் அம்மா எழும்பி நடக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நினைக்கவில்லை, தெரிந்தது. புண் இல்லாத காலுடன் முற்றத்தில் நடக்கிறாள். நான் சிரித்துக்கொண்டு ஆடினேன்.

தெரு ஓரத்தில் நின்ற பெண்கள் அழுதார்கள். எங்களுக்குத் தெரிந்த ஆண்கள் சிலர் என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு முகத்தைத் திருப்பினார்கள். பக்தி என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக்கு மூன்று வாசல் தள்ளி இருக்கும் மாமி ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தார். தலையில் கைவைத்திருந்தார். வாய் பெரிதாகத் திறந்து திறந்து மூடியது. என்னவோ சொல்கிறார் என்று ஆட்டத்தைத் தணித்தேன். பின்னால் அத்தான் கயிற்றைச் சுண்டி இழுத்து, "அடியுங்கோ! அடியுங்கோ!" என்று கத்தினார். தவில்காரர்கள் எனக்கு இரண்டு பக்கமும் நெருங்கி வந்து வெளுத்து வாங்கினார்கள். யாரோ மாமியைக் கையில் பிடித்து அப்பால் கூட்டிப்போனார்கள். முருகா, முருகா என்றுதான் அவர் கத்துகிறார் என்று எடுத்துக்கொண்டு நான் முன்னையைவிட உரமாக ஆடினேன்.

காவடி இறக்கியதும் அத்தான் கோயிலில் வேலை இருக்கிறது என்று நின்றுவிட்டார். வேறொருவர் என்னைக் காரில் வீட்டில் விட்டார். வழி முழுக்க நான்தான் பேசிக்கொண்டு வந்தேன், அம்மா சுகமாகிவிடுவா என்று.

கதவைத் திறந்த அக்காவின் தலை ஈரமாக இருந்தது. தலையிடி என்று படுத்திருந்த ஆள் ஏன் முழுகியிருக்கிறாள் என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. கோயில் திருநீற்றை விரலில் எடுத்து அவளுடைய நெற்றிக்குக் கொண்டுபோனேன். அக்கா ஒரு அடி பின்னால் போனாள்.

"பிறகு பூசுறன்," என்றாள்.

திருநீற்றை வேண்டாம் என்று சொல்கிற ஆள் அவளில்லை. எங்கள் சனத்தில் ஒருவர் கோயில் திருநீற்றைத் தொடாமல் விலகுவதென்றால், தலை முழுகிவிட்டு விலகுவதென்றால், அதற்கு ஒரு காரணம்தான். சாவுத் துடக்கு. செத்தவரின் பிள்ளைகள் காரியம் முடியும்வரை கோயிலுக்குப் போகக் கூடாது, கோயில் பொருளைத் தொடக் கூடாது. அடுப்படியைப் பார்த்தேன். அடுப்பு மூட்டியிருக்கவில்லை. என் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

"ஆர்?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

"அம்மாடா," என்று அக்கா சுவரோடு சரிந்து இருந்தாள்.

நான் ரயிலில் ஏறியபின்னர் மாமாவின் கோல் வந்திருக்கிறது. அம்மா போய்ச் சில நாட்களாகிவிட்டன. செய்தி கொழும்புக்கு வந்துசேர அவ்வளவு நேரம். அத்தான்தான் போனை எடுத்தார். அக்காவிடம் சொன்னார். அக்கா கோட்டைப் போட்டுக்கொண்டு என்னிடம் வர வெளிக்கிட்டிருக்கிறாள். அத்தான் கதவடியில் நின்று மறித்துவிட்டார்.

"நீ அவரைத் தள்ளிப்போட்டு வந்திருக்கலாம்தானே," என்றேன். அக்கா அழுதாள். அவளுக்கும் தாய்தான். அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை.

பின்னேரம் அத்தான் வந்தார். சப்பாத்தைக் கழற்றவும் நான் விடவில்லை.

"காலமை தெரியும், என்ன?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டு வந்து என்ர முதுகில கயிறு கட்டினனீங்கள்."

"இஞ்ச பார் தம்பி. சொல்லியிருந்தா நீ கோயிலுக்கை கால் வைச்சிருக்கேலாது. கொம்மாவுக்கு வைச்ச நேர்த்தி நிண்டுபோயிருக்கும். அங்க செத்தவீடும் முடிஞ்சுது, எரிச்சும் போட்டினம். நீ இஞ்ச இருந்து என்ன செய்யப்போறாய்? ஐயரிட்டயும் கேட்டுப்போட்டுத்தான் செய்தனான். காதில விழுந்தாப் பிறகுதான் துடக்கு, விழாதவரைக்கும் இல்லை எண்டவர்."

"ஐயருக்கும் தெரியுமோ?"

அவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"கொமிற்றிக்காரருக்குச் சொன்னனான். அவையின்ர வீட்டுக்காரருக்கும் தெரிஞ்சிருக்கும்."

அழுத பெண்கள். முகம் திருப்பிய ஆண்கள். மாமியின் வாய். ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவர்கள் முருகனுக்காக அழவில்லை. தாய் செத்தது தெரியாமல் சிரித்துக்கொண்டு ஆடுகிற மடையனைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். சிங்கம், சிங்கம் என்று தலையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தவளைப் பார்த்த ஊர்ச்சனத்தைப் போல.

"வேற ஆரும் செடில் காவடி எடுக்க இருந்திருந்தா எனக்குச் சொல்லியிருப்பியளோ அத்தான்?"

"அதுவும் ஒரு காரணம்தான்," என்றார். பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன்.

பிறகு அவர் சொன்னதுதான் இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது. "நீதானே அந்தப் பலகையைக் காட்டினனீ. சத்தம் போட்டுக் காப்பாத்தினவை எண்டு நீதானே சொன்னனீ. அதைத்தான் நானும் செய்தனான்."

"அவங்கள் பிள்ளையைத் தகப்பன் விழுங்காமல் இருக்கச் சத்தம் போட்டவங்கள்," என்றேன். "நீங்கள் ஆரைக் காப்பாத்தினனீங்கள் அத்தான்? தேரையோ?"

அடுத்த கிழமையே நான் அந்த வீட்டைவிட்டு வெளிக்கிட்டு ஆர்ச்வேயில் ஒரு அறைக்குப் போனேன். அக்காவோடு போனில் பேச்சு இருந்தது. அத்தானோடு நல்லது கெட்டதுக்கு மட்டும், அதுவும் தலையாட்டல். அவர் கெட்ட மனிதர் இல்லை என்று அக்கா இன்றும் சொல்லுவாள். எனக்கும் தெரியும். நான் லண்டனில் வந்து இறங்கிய அன்று தன்னுடைய ஒரே குளிர்க் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டவர் அவர். கெட்டவர் செய்திருந்தால் எனக்கு இந்த அளவு நொந்திருக்காது.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். அதே கதிரை, அதே பானைகள். மேற்பார்வையாளரிடம் கேட்டு வேறு அறைக்கு மாறியிருக்கலாம். கேட்கவில்லை. முதுகில் செடில் தழும்பு ஆறுகிறபோது கதிரையின் சாய்மனை பட்டால் அரிக்கும். சுடுமண் பலகை பக்கம் கொஞ்ச நாள் போகவேயில்லை. போய்ப் பார்த்தபோது முன்னர் காணாத ஒன்றைக் கண்டேன். ஆடுகிறவர்களில் ஒருவன்கூடக் குழந்தையைப் பார்க்கவில்லை. கேடயத்தையும் பக்கத்தில் ஆடுகிறவனையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வழிகாட்டி அம்மா வழமைபோலக் கூட்டத்தோடு வந்தார். பைத்தியம் என்று சொன்னார், கூட்டம் சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் தலையைச் சரித்து ஆடுகிறார்கள். வால்காரர் துள்ளுகிறார்கள். நடுவில் அவர் கிண்ணத்தோடு நிற்கிறார், வழமைபோல ஆடாமல், அமைதியாக, எல்லாம் தெரிந்த முகத்தோடு.

அத்தானைக் கேட்டேன். அக்காவைக் கேட்டேன். கோயிலுக்குப் போய் ஐயரிடமும் கேட்டேன். அவர் சாஸ்திரம் சொன்னார். ஆனால் அன்று தெருவில் என் காலை எடுத்து ஆடியவர் ஒருவர் இருந்தார். அம்மா முற்றத்தில் நடக்கிறாள் என்று எனக்குக் காட்டியவர். ஆர்ச்வேயில் மலையேறிப் போய், அங்கேயிருக்கிற முருகன் கோயிலில் அவர் முன்னால் எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் நின்றிருக்கிறேன். கும்பிடக் கை எழும்பும், பாதியில் இறங்கிவிடும். போன் வந்த அந்தக் காலையில் அத்தானுக்கு முன்னமே அவருக்குத் தெரிந்திருக்கும்தானே. தெரிந்துகொண்டுதானே என்மேல் வந்தார்.